முன்வந்த செவியும் பின்வந்த கொம்பும்: ஜவ்வரிசிக்குள் ஒரு வேதியியல் வரலாறு

முந்தி வந்த செவியைவிடப் பிந்தி வந்த கொம்பு பெரிது என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. மூத்தவரை மிஞ்சும் இளையவரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும்போது இதைச் சொல்வோம். குறைபாட்டை விலக்கிவிட்டுப் பார்த்தால் இப்பழமொழிக்குள் நுட்பமான ஓர் அவதானிப்பு இருக்கிறது. வந்துசேரும் வரிசை வேறு, வலுப்பெறும் வரிசை வேறு. முதலில் தோன்றியதே முடிவில் மேலோங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

கரிம வேதியியல் இந்த உண்மையை ஒரு விதியாக வகுத்துக்கொள்ள இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வினையில் இரண்டு விளைபொருள்கள் உண்டாக வழியிருப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று விரைந்து உண்டாகிறது. மற்றொன்று மெல்ல உண்டாகிறது, ஆனால் நிலைத்து நிற்கிறது. வினையைக் குளிர்ச்சியில் நடத்திச் சீக்கிரமே நிறுத்தினால் முந்தியது கிடைக்கும். சூடேற்றி நெடுநேரம் விட்டுவைத்தால், உண்டானது மீண்டும் கலைந்து மீண்டும் சேரும் வாய்ப்பிருந்தால், பிந்தியது கிடைக்கும். முன்னதை வேகவியல் கட்டுப்பாடு என்றும் பின்னதை வெப்ப இயக்கவியல் கட்டுப்பாடு என்றும் பாடநூல்கள் அழைக்கின்றன. இரண்டு விளைபொருள்களுக்கும் அணுக்கள் ஒன்றே, அவற்றின் இணைப்பும் ஒன்றே, வெளியில் அவை நோக்கும் திசை மட்டுமே வேறு என்னும்போது இக்கதை இன்னும் சுவை பெறுகிறது. அவ்வகை இரட்டையரைப் புறவெளி மாற்றியங்கள் என்பார்கள்.

தமிழ் இலக்கியம் பயின்ற ஒருவன் இதைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றின் மூலப்பொருள் எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணில் விளைகிறது. ஆத்தூர், தலைவாசல், இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, சேந்தமங்கலம் என நீளும் சேலம் நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும், அதிலிருந்து பிறக்கும் ஜவ்வரிசியும்தான் அப்பொருள்.

போர் மூடிய கடல்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் ஜாவாவும் வீழ்ந்தது. அத்துடன் கிழக்குக் கடல்வழி வந்துகொண்டிருந்த பல பொருள்கள் நின்றுபோயின. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்று, மலேரியாவுக்கு மருந்தான கொய்னா. அதன் மூலமான சிங்கோனா பட்டையின் பெரும்பகுதி ஜாவாத் தோட்டங்களிலிருந்து வந்தது. மற்றொன்று, மலாய் நாட்டுப் பக்கமிருந்து வந்த ஜவ்வரிசி.

உண்மையான ஜவ்வரிசி ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கப்படுவது. ‘சேகோ’ என்னும் பெயரும் மலாய் மொழியின் ‘சாகு’ என்பதிலிருந்து கிளைத்ததே. அப்பனை நம்மிடம் இல்லை. ஆனால் அதே வகை மாப்பொருளைத் தரும் மரவள்ளி மலையாள நாட்டில் வேரூன்றியிருந்தது. தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த இக்கிழங்கை 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்துப் பரப்பினார். 1943, 1944ஆம் ஆண்டுகளில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த, ஜவ்வரிசி செய்யும் முறை அறிந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர் என்பது இத்தொழிலின் தோற்றம் பற்றிச் சேலத்தில் வழங்கும் வரலாறு. கிழங்கை இடித்துக் கூழாக்கி, பாலை வடித்து, தெளியவைத்து, குருணையாக உருட்டி, வறுத்து எடுக்கும் குடிசைத் தொழிலாக அது ஆரம்பித்தது.

அதே 1944ஆம் ஆண்டில், உலகின் மறுபுறம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ராபர்ட் வுட்வர்ட் என்னும் இளம் வேதியியலர் வில்லியம் டோரிங்குடன் சேர்ந்து கொய்னாவைச் செயற்கையாக ஆக்கும் வழியை அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அவ்வாண்டே ஹரோல்டு பேயர் என்பவருடன் சேர்ந்து வுட்வர்ட் எழுதிய இன்னொரு கட்டுரையை ஆய்வகத்துக்கு வெளியே எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். முந்துவதும் நிலைப்பதும் வேறுவேறு என்பதை ஒரு வினையில் தெளிவாகப் பிரித்துக் காட்டிய கட்டுரை அது.

சேலத்து முயற்சிக்கும் ஹார்வர்டு கட்டுரைக்கும் நேர்த்தொடர்பு ஏதும் இல்லை. ஆண்டு ஒத்துப்போவது தற்செயல்தான். ஆயினும் அந்தக் கட்டுரை எழுப்பிய கேள்வி, ஜவ்வரிசி செய்பவரின் அடுப்பிலும் இருக்கிறது. அதைக் காண, சர்க்கரையின் கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும்.

ஒளியைத் திருப்பும் நீர்

மரவள்ளியின் மாப்பொருளான ஸ்டார்ச், குளுக்கோஸ் என்னும் சிறு சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த மாலை. 1811இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கிர்ச்சாஃப் என்பவர் ஸ்டார்ச்சை அமிலத்துடன் கொதிக்கவைத்து இனிப்பாக்கிக் காட்டினார். மாவுக்குள் சர்க்கரை ஒளிந்திருப்பது அன்றே தெரிந்துவிட்டது.

அந்தச் சர்க்கரை விசித்திரமானது. 1846இல் துப்ரன்ஃபோ என்னும் பிரெஞ்சு வேதியியலர் குளுக்கோஸைப் புதிதாக நீரில் கரைத்து, அதன் வழியே முனைவுற்ற ஒளியைச் செலுத்தினார். கரைசல் ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பியது. நேரம் செல்லச்செல்ல அந்தத் திருப்பம் குறைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய பாதியளவில் நின்றுவிட்டது. எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. கரைசல் தானாகவே மாறியது. இதற்குச் சுழற்சி மாற்றம் என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘மியூட்டாரொட்டேஷன்’ என்னும் சொல்லை 1899இல் லௌரி உருவாக்கினார்.

காரணம் பின்னர் விளங்கியது. குளுக்கோஸ் ஆறு கரியணுக்கள் கொண்ட சங்கிலி. நீரில் அது தன் வாலைத் தானே கவ்வி வளையமாகிவிடும். கவ்வும் இடத்தில் ஒரு கிளை கீழ்நோக்கி நிற்கலாம், மேல்நோக்கியும் நிற்கலாம். கீழ்நோக்கினால் ஆல்ஃபா, மேல்நோக்கினால் பீட்டா. அணுக்களின் எண்ணிக்கையிலோ இணைப்பிலோ இம்மியும் வேறுபாடில்லை. ஆனால் ஆல்ஃபா ஒளியை 112 பாகை திருப்பும், பீட்டாவோ ஏறத்தாழ 19 பாகைதான். 1895இல் தான்ரே இவ்வடிவங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தார். எதைக் கரைத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் கலந்து 52.7 பாகையில் வந்து நிற்கும். அப்போது நீரில் ஆல்ஃபா சுமார் 36 விழுக்காடு, பீட்டா சுமார் 64 விழுக்காடு.

சாதாரண வெப்பநிலையில் நீரிலிருந்து படிகமாகி உதிர்வது ஆல்ஃபா. நீருக்குள் பெரும்பான்மை பெறுவது பீட்டா. எனவே படிகத்தைக் கரைத்த முதல் கணத்தில் அளந்தவர் ஒரு பொருளையும், மாலையில் வந்து அளந்தவர் வேறொரு கலவையையும் கண்டார்கள். இருவர் சொன்னதும் உண்மை. அளந்த வேளையை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஃபிஷரின் குடுவை

1893இல் எமில் ஃபிஷர் குளுக்கோஸை மெத்தனாலில் இட்டு அமிலம் சேர்த்தார். வளையத்தின் கவ்வும் இடத்தில் மெத்தனால் ஒட்டிக்கொண்டு, இனி எளிதில் அவிழாத வளையம் கிடைத்தது. அதற்குக் குளுக்கோசைடு என்று பெயர். முதலில் அவர் கையில் அழகிய படிகமாக வந்தது ஆல்ஃபா. அடுத்த ஆண்டில் பீட்டாவும் பிரித்தெடுக்கப்பட்டது. ஈஸ்டிலுள்ள நொதி ஆல்ஃபாவை மட்டும் உடைத்தது. வாதுமையிலுள்ள நொதி பீட்டாவை மட்டும் உடைத்தது. ஒரே ஒரு கிளையின் திசையை நொதிகள் கண்டுகொள்கின்றன என்பதைப் பார்த்து வியந்த ஃபிஷர், 1894இல் பூட்டும் சாவியும் என்னும் புகழ்பெற்ற உவமையைச் சொன்னார். உயிர்வேதியியலின் அடித்தளங்களுள் ஒன்றான அவ்வுவமை, ஆல்ஃபா பீட்டா வேறுபாட்டிலிருந்தே பிறந்தது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

ஆனால் குடுவைக்குள் இன்னொன்றும் இருந்தது. 1914இல் ஃபிஷரே அதைக் கண்டார். படிகமாகாத, பாகு போன்ற, எளிதில் உடைந்துவிடும் மூன்றாவது வகை. அதன் அமைப்பு உடனே புலப்படவில்லை. 1920களில் ஹாவொர்த்தின் ஆய்வுகள் அதைத் தெளிவாக்கின. நிலையான குளுக்கோசைடுகளில் வளையத்துக்கு ஆறு முனைகள். பாகு வகையிலோ ஐந்துதான். 1932இல் லெவீன், ரேமண்ட், டில்லன் ஆகியோர் வெவ்வேறு சர்க்கரைகளுடன் இவ்வினையின் போக்கை நேரத்தோடு பின்தொடர்ந்தனர். ஐந்துமுனை வளையம் முதலில் உருவாகிறது, பின்பு மெல்லக் கலைந்து ஆறுமுனை வளையத்துக்கு இடங்கொடுக்கிறது என்பது புலப்பட்டது. நெடுநேரம் விட்டால் ஆறுமுனை வளையங்களுக்குள் ஆல்ஃபா ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பெறுகிறது.

இங்கே ஒரு முரண் தெரியும். நீரில் தனித்திருக்கும் குளுக்கோஸ் பீட்டாவை விரும்புகிறது, மெத்தனால் ஒட்டியதும் ஆல்ஃபாவை விரும்புகிறது. பக்கத்தில் இடம் தாராளமாக இருப்பது பீட்டாவுக்குத்தான். ஆயினும் வளையத்திலுள்ள ஆக்சிஜன் அணுவின் மின்னணுக்கள் ஆல்ஃபா திசைக்கு ஒரு தனிச் சலுகை தருகின்றன. 1955இல் எட்வர்டும், 1958இல் லெமியூவும் இச்சலுகையை எடுத்துக்காட்டினர். நிலைப்பு என்பதும் பொருளுக்குள் மட்டும் உறைவதில்லை. சூழ்ந்திருக்கும் நீரும் ஒட்டியிருக்கும் துணையும் மாறினால் அதுவும் மாறுகிறது.

கணவாயும் பள்ளத்தாக்கும்

சேர்வராயனும் கொல்லிமலையும் எழுந்து நிற்கும் இந்நிலத்தில் வாழ்பவருக்கு வேதியியலர் வரையும் ஆற்றல் படம் புதிதாகத் தோன்றாது. ஒரு சமவெளியின் இருபுறமும் மலைத்தொடர்கள். ஒருபுறம் தாழ்ந்த கணவாய், அதற்கப்பால் ஆழமற்ற பள்ளத்தாக்கு. மறுபுறம் உயர்ந்த கணவாய், அதற்கப்பால் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. வலுக்குறைந்த கூட்டம் தாழ்ந்த கணவாயைத்தான் கடக்கும். அவர்கள் குடியேறும் இடம் ஆழமற்றதாக இருந்தாலும், திரும்பி ஏற வலுவில்லாதபோது அங்கேயே தங்குவார்கள். வலுவும் காலமும் கொடுத்தால் சிலர் திரும்பி வருவார்கள், உயர்ந்த கணவாயையும் கடப்பார்கள். ஆழ்ந்த பள்ளத்தாக்கில் இறங்கியவர் திரும்புவது அரிது. காலப்போக்கில் கூட்டம் அங்கே பெருகும். கணவாயின் உயரம் வேகத்தைத் தீர்மானிக்கிறது, பள்ளத்தாக்கின் ஆழம் நிலைப்பைத் தீர்மானிக்கிறது. இவ்விரண்டுக்கும் தேவையான தொடர்பு ஏதும் கிடையாது.

வுட்வர்டும் பேயரும் எடுத்துக்கொண்டது, டீல்ஸும் ஆல்டரும் 1929இல் செய்துபார்த்த ஒரு வினை. ஃபுல்வீன் என்னும் மஞ்சள்நிறச் சேர்மமும் மாலியிக் நீரிலியும் ஒன்றோடொன்று சேரும்போது, விளைபொருள் உள்நோக்கி மடிந்தும் பிறக்கலாம், வெளிநோக்கி விரிந்தும் பிறக்கலாம். உள்நோக்கியது விரைவில் பிறந்தது. நேரத்தையும் சூட்டையும் கூட்டியபோது வெளிநோக்கியதன் பங்கு வளர்ந்தது. 1948இல் கேட்ச்போல், ஹியூஸ், இங்கோல்டு ஆகிய மூவரும் பிரிட்டனில் வேறொரு வினையை ஆராய்ந்து தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். ஃபிஷரின் பாகும் துப்ரன்ஃபோவின் திரும்பும் ஒளியும் இவற்றுக்கு முன்பே இருந்தவை. சான்றுகள் ஒரு நூற்றாண்டாகக் கையில் இருந்தும், அவற்றையெல்லாம் ஒரே பார்வையில் கட்டும் சொல் பிந்தித்தான் வந்தது. இவ்வரலாற்றுக்கே நமது பழமொழி பொருந்துகிறது.

ஒரே கிழங்கில் மூன்று குளுக்கோஸ்

இனி குச்சிக்கிழங்குக்கு வருவோம். நீரில் குளுக்கோஸ் பீட்டாவையே மிகுதியாக நாடும் என்று கண்டோம். செடி அந்த விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஸ்டார்ச் மாலையில் ஒவ்வொரு கண்ணியும் ஆல்ஃபா திசையிலேயே கோக்கப்படுகிறது. செல்சுவரின் செல்லுலோஸ் மாலையிலோ ஒவ்வொரு கண்ணியும் பீட்டா. இரண்டுக்கும் செடி எடுத்துக்கொள்ளும் மூலப்பொருள் ஆல்ஃபா திசையில் பிணைக்கப்பட்ட குளுக்கோஸ்தான். ஸ்டார்ச் கோக்கும் நொதி அத்திசையைக் காக்கிறது. செல்லுலோஸ் கோக்கும் நொதி அதைத் தலைகீழாக்குகிறது. சாவிக்கேற்ற பூட்டை நொதி திறந்துகொடுக்க, தாழ்ந்த கணவாய் உருவாகிறது, வினை அவ்வழியே செல்கிறது. உயிர்கள் பெரும்பாலும் வேகவியலின் ஆட்சியில் வாழ்கின்றன.

விளைவை எங்கள் ஆலை வாசலிலேயே காணலாம். ஆல்ஃபா கண்ணிகள் சுருண்டு வளைவதால் அம்மாலை நம் உமிழ்நீருக்குப் பிடிகொடுக்கிறது, உணவாகிறது. பீட்டா கண்ணிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுகி நாராகின்றன. பால் வடித்தபின் மிஞ்சும் சக்கையைத் திப்பி என்கிறோம். ஓரளவு ஸ்டார்ச்சும் நாரும் கலந்த அது மாட்டுக்குத் தீனியாகிறது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் உண்டு, நம் வயிற்றில் அவ்வகையில் இல்லை. மனிதத் தட்டுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரு கிளையின் திசையில் இருக்கிறது.

மூன்றாவது குளுக்கோஸ் ஆபத்தானது. மரவள்ளியில் லினமரின் என்னும் பொருள் உண்டு. அது பீட்டா குளுக்கோசைடு. அதற்குள் சயனைடு அடங்கியிருக்கிறது. கிழங்கு முழுதாக இருக்கும்வரை மாதக்கணக்கில் அது உடையாமல் கிடக்கும். உடைந்துபோவதே அதற்கு நிலைத்த முடிவு என்றாலும், இடையிலுள்ள கணவாய் உயரமானது. அந்தக் கணவாயைத் தாழ்த்தும் நொதி செல்லுக்குள் வேறோர் அறையில் இருக்கிறது. இலையைக் கடித்தாலோ கிழங்கை நசுக்கினாலோ அறைச்சுவர் இடிந்து இரண்டும் சந்திக்கின்றன. மரவள்ளி இலையை மேய்ந்த ஆடு மடிவதும், கிழங்கை வேகவைத்த நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். ஆலையில் கிழங்கை அரைத்துப் பெருமளவு நீரில் அலசும்போது நஞ்சு வெளியேறுகிறது. ஸ்டார்ச் நீரில் கரையாமல் அடியில் தங்குகிறது.

தொட்டிலும் இரும்புத் தட்டும்

தெளிந்து படிந்த மாவை ஓரளவு ஈரத்துடன் எடுத்து உதிர்த்து, தொட்டில்போலக் கட்டிய துணியில் இட்டு ஆட்டினால் சிறுசிறு உருண்டைகளாகும். சல்லடையில் அளவு பிரித்து, எண்ணெய் தடவிச் சூடேற்றிய இரும்புத் தட்டில் சில நிமிடங்கள் வறுத்து, பின்பு களத்தில் வெயிலில் உலர்த்துவார்கள். இன்று பல படிகளை இயந்திரங்கள் செய்தாலும் முறையின் அடிப்படை இதுதான்.

அந்தச் சில நிமிட வறுவலில்தான் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகிறது. பச்சை ஸ்டார்ச் மணிகளுக்குள் மாலைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். ஈரத்தோடு சுமார் 60 முதல் 70 பாகை செல்சியஸ் சூடு படும்போது அவ்வடுக்கு குலைந்து மாலைகள் அவிழ்ந்து கூழாகும். தட்டின் சூட்டில் உருண்டையின் புறத்தோல் கூழாகி ஒட்டுகிறது. உடனே நீர் வற்றிவிடுவதால் அவிழ்ந்த மாலைகள் மீண்டும் அடுக்கமைய நேரமின்றி அப்படியே உறைகின்றன. உள்ளே பச்சை மாவு இருக்கிறது. ஆவியில் வேகவைத்துச் செய்யும் நைலான் ஜவ்வரிசியில் கூழாதல் இன்னும் ஆழச் செல்வதால் அது கண்ணாடிபோல் தெளிகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துவைக்க வேண்டும். வறுக்கும்போது ஆல்ஃபா பீட்டா ஆவதில்லை. கண்ணிகளின் திசை மாறாமல், மாலைகள் அடுக்கப்படும் விதமே மாறுகிறது. ஆனால் முந்துவதற்கும் நிலைப்பதற்கும் இடையிலான போட்டி இவ்வடுக்கிலும் நடக்கிறது. அவிழ்ந்த நிலை அவசரத்தில் கிடைத்த நிலை. ஈரமும் காலமும் கொடுத்தால் மாலைகள் மெல்ல ஒன்றையொன்று தேடி மீண்டும் அடுக்காகும். ஆறிய சோறு விறைப்பதும், நேற்றைய ரொட்டி காய்ந்ததுபோல் ஆவதும் இதனால்தான். 1852இல் பூசிங்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர், நீர் சிறிதும் வெளியேறாமல் மூடிவைத்த ரொட்டியும் இறுகுகிறது, சூடாக்கினால் மீண்டும் மென்மையாகிறது என்று காட்டினார். காய்ந்துபோவதால் விறைக்கிறது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. குளிர்பெட்டியில் வைத்தால் இவ்விறைப்பு விரைவது இன்னொரு வியப்பு. நெட்டைச் சங்கிலியான அமைலோஸ் சில மணி நேரத்தில் இவ்வாறு திரும்பிவிடும், கிளைவிட்ட அமைலோபெக்டினுக்குப் பல நாள் ஆகும். மரவள்ளி ஸ்டார்ச்சில் அமைலோஸின் பங்கு மக்காச்சோளத்தைவிடக் குறைவு. அதன் கூழ் தெளிவாகவும் மென்மையாகவும் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதற்கு அது ஒரு காரணம்.

எனவே நல்ல ஜவ்வரிசி என்பது உரிய கணத்தில் நிறுத்தப்பட்ட ஒரு மாற்றம். தட்டின் சூடு குறைந்தால் தோல் ஒட்டாது, உருண்டை நீரில் கரைந்துவிடும். கூடினால் கருகும். இந்தக் கணத்தைக் கையாலும் கண்ணாலும் மூக்காலும் அறிந்தவர்கள் எங்கள் ஊர்த் தொழிலாளர்கள். அவர்கள் அறிந்ததற்கு ஏட்டில் பெயர் இல்லாமல் போனது.

சென்னையில் ஒரு கணக்கு

அதே மாலையின் வடிவத்தை ஏட்டில் ஆராய்ந்த தமிழகத்து முயற்சி ஒன்றும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் 1952 முதல் நடத்திய துறை, புரத மூலக்கூறுகள் எக்கோணங்களில் மடங்க இயலும் என்பதை 1963இல் வரைபடமாக்கிப் புகழ்பெற்றது. அதே முறையை வி. எஸ். ஆர். ராவ், சுந்தரராஜன், ராமகிருஷ்ணன், ராமச்சந்திரன் ஆகியோர் அமைலோஸ் மாலைக்குப் பொருத்திப் பார்த்து 1967இல் வெளியிட்டனர். அடுத்தடுத்த இரண்டு குளுக்கோஸ் வளையங்கள் அணுக்கள் மோதிக்கொள்ளாமல் எவ்வெக்கோணங்களில் திரும்ப முடியும் என்பது அக்கணக்கு. ஆல்ஃபா இணைப்பு மாலையைச் சுருளாக்கும் இயல்புடையது. ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் கொண்ட சுருளுக்குள் அயோடின் புகுந்துகொள்வதால்தான் மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலமாகிறது. 1814இலேயே அறியப்பட்ட, இன்றும் பள்ளி ஆய்வகங்களில் செய்யும் அச்சோதனையின் பின்னணி கோணங்களின் கணக்கில் இருக்கிறது.

சேலத்து ஆலைகளில் வறுபட்ட மாலையும் சென்னையில் கணக்கிடப்பட்ட மாலையும் ஒன்றே. இருநூறு கல் தொலைவில் அவை இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன. தமிழில் அவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் நூல் ஒன்று இருந்திருந்தால், எங்கள் ஊர் மாணவனுக்குப் புறவெளி வேதியியல் தேர்வுக்கு மட்டும் படிக்கும் பாடமாக இருந்திராது.

நேரத்தின் விலை

போர் முடிந்தது, கடல் திறந்தது. சேலத்து ஜவ்வரிசியோ நின்றுவிட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971இல் தந்த எச்-165, எச்-226 ஆகிய ரகங்கள் இச்சமவெளியில் பரவின. 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது கிழங்கு நிலமும் இரண்டாகப் பங்குபட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. பனைக்கு மாற்றாக வந்தது இன்று தன் மண்ணின் பெயராலேயே அறியப்படுகிறது.

ஆனால் வயலில் நேரத்தின் கடுமை குறையவில்லை. பறித்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் நரம்புகளில் நீலங்கறுத்துக் கெடத் தொடங்கும். அதன் நொதிகள் ஸ்டார்ச்சைக் கரைக்கத் தொடங்கும். கிழங்கின் விலையோ அதிலுள்ள ஸ்டார்ச்சைக் குறிக்கும் ‘பாயிண்ட்’ கணக்கில் வைக்கப்படுகிறது. அதனால் வண்டி ஆலை வாசலில் காத்துநிற்கும் ஒவ்வொரு நாளும் உழவருக்கு இழப்பு. மண்ணுக்குள் இருக்கும்போது உயர்ந்த கணவாய்களால் காக்கப்பட்ட செல்வம், பிடுங்கிய கணத்திலிருந்து கீழிறங்கத் தொடங்குகிறது. பாயிண்ட்டை யார் அளக்கிறார்கள், எப்போது அளக்கிறார்கள் என்பது குறித்து உழவர்களிடம் நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. துப்ரன்ஃபோவின் குடுவைக்கும் இந்தத் தராசுக்கும் கேள்வி ஒன்றுதான்: அளந்த வேளை எது?

இலக்கிய வரலாறு கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி வேறொரு திசையிலும் பயன்படுகிறது. நிலைத்து நிற்கும் நூல்களே சிறந்தவை, காலம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஏட்டைப் படியெடுத்தவர், அச்சிட்டவர், பாடத்தில் வைத்தவர் என எத்தனையோ கைகள் ஒவ்வொரு கட்டத்திலும் கணவாய்களைத் தாழ்த்தியும் உயர்த்தியும் இருக்கின்றன. உவமையை அதற்குமேல் இழுப்பது முறையன்று, நூல்கள் மூலக்கூறுகள் அல்ல. ஆனால் ஒரு பொருளை எடுத்துக் காட்டி, இதுவே முடிவு என்று எவரேனும் சொல்லும்போது, இது எந்த வேளையில் அடுப்பிலிருந்து இறக்கப்பட்டது என்று கேட்கும் பழக்கம் வரலாற்றாசிரியருக்கும் வேண்டும்.

வறுத்த ஜவ்வரிசி வேகும்போது உருண்டையின் நடுவே நெடுநேரம் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். இரும்புத் தட்டின் சூடு எட்டாத இடம் அது. அதனுள் ஸ்டார்ச் மாலைகள் வயலில் கிழங்கு கோத்த ஒழுங்கிலேயே இன்னும் இருக்கின்றன. சுற்றிலும் தெளிந்திருப்பது வறுத்தவரின் கைவேலை. பொட்டும் மறைந்த பின்புதான் இறக்க வேண்டும் என்று சமையலறை சொல்கிறது.